ரோட்டிலிருந்து தள்ளிவிட்ட மண்

போன மாதம் ஹட்டனில், ரோட்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மண்சரிவைப் பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவர் வந்து அனுபவத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பிள்ளை நல்ல பிள்ளை. "அங்கிள், வேன் அனுப்புறோம், வந்துருங்க" என்றாள். நானும் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். சுவரில் படம் காட்டினார்கள். மழை, மலை, இடிந்த வீடு, அழுகிற பொம்பளை. கடைசிப் படத்தில் பெரிய எழுத்தில் 'காரணம்: மக்களிடம் விழிப்புணர்வு இல்லாமை' என்று போட்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருக்குங்க விழிப்பு இல்ல? மழை பேஞ்சா கண்ண மூடாம உக்காந்திருக்கிற சனத்துக்கா?" என்று எழும்பிக் கேட்டேன். அதற்குமேல் கோர்வையாகப் பேச வரவில்லை. மேசையில் வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். "வயசான மனுசன், பிரஷர் இருக்கும்" என்று பின்னால் யாரோ சிங்களத்தில் சொன்னது காதில் விழுந்தது. பிரஷர் இருக்கிறதுதான். அது எங்கே பிடித்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் மற்றத் தோட்டத்துக்காரர்கள் எல்லாம் 'நம்மளை இல்லை' என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். அப்பா கான் வெட்டுகிறவர். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓடுவதற்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். எனக்குத் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிய மனமில்லை. ரோட்டுக்குக் கூலியாகப் போய், மம்பட்டி பிடித்து, தார் காய்ச்சி, கங்காணியாகி, கடைசியில் ஓவசியரானேன். அந்தக் கதையை நீட்டினால் எனக்கே கொட்டாவி வரும். என் பொறுப்பில் இருந்தது லிந்துலையிலிருந்து மேல்தோட்டங்களுக்கு ஏறுகிற ஒரு கிளை ரோடு. பஸ்ஸும் கொழுந்து லொறியும் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஓட்டோவும் அதில்தான் போகவேண்டும். வேறு வழி கிடையாது.

எங்கள் எஞ்சினியர் பண்டார சேர். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், ஒல்லியான ஆள். கையில் எப்போதும் ஒரு நீளக் குடை இருக்கும். அதை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே குடை நுனியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து நடப்பார். தமிழ் பேசுவார். ஆனால் ரோட்டுக் கூலிகளிடம் கற்ற தமிழ். எது மரியாதை, எது வசவு என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரு தடவை தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையை முகமெல்லாம் சிரிப்பாக, "வாடா மாப்ள, ஒக்காரு" என்று வரவேற்றார். தொரைக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினோம்.

ஆனால் வேலையில் அவரிடம் விளையாட்டு கிடையாது. மண் சரிந்திருக்கிறது என்று தகவல் வந்தால், மற்றவர்கள் ரோட்டில் கிடக்கிற மண்ணைப் பார்ப்பார்கள். அவர் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். நேரே மேலே ஏறுவார். அட்டைக்கடியோடு தேயிலைக்குள் நுழைந்து, கான் எங்கே அடைத்திருக்கிறது, தண்ணீர் எங்கே தேங்கி எந்த வழியாக இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். "மண்ணு தானா வராதுடா. தண்ணி தள்ளும். தண்ணிக்கு மொதல்ல வழி குடு" என்பார். கானைத் திறந்து தண்ணீரைத் திருப்பிய பிறகுதான் கீழே வேலை தொடங்கும்.

அதற்கும் முறை உண்டு. இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி போட்டு ரோட்டை மூடவேண்டும். ஒருவனை விசிலோடு எதிர்ப்பக்கம் நிறுத்தவேண்டும். மேலே இருக்கிற மண்ணைப் பார்ப்பது மட்டும்தான் அவன் வேலை. பீடி குடிக்கக்கூடாது, கதை பேசக்கூடாது, ஒரு கல் உருண்டால்கூட ஊதவேண்டும். ஆட்களை இறக்கும் முன்னால் சேர் தானே போய் அந்தச் சரிவின் அடியில் கொஞ்ச நேரம் நிற்பார். நின்று, அண்ணாந்து பார்த்து, சரி என்று கையைக் காட்டுவார். தான் நிற்காத இடத்தில் அவர் எங்களை நிறுத்தியதே இல்லை. அள்ளுகிற மண்ணை டிப்பரில் ஏற்றி, தலவாக்கலைப் பக்கம் இருந்த பழைய கல்குவாரியில்தான் கொட்டவேண்டும். ஒரு சட்டி மண்ணைக்கூட ரோட்டிலிருந்து பள்ளத்துப் பக்கம் தள்ளவிடமாட்டார். மலையோடு பிறந்த மண் வேறு, நாம் கொட்டுகிற மண் வேறு. கொட்டின மண் புல்லுக்கு மேலே சும்மா படுத்திருக்குமே தவிர மலையோடு ஒட்டாது, தகரக் கூரையில் போட்ட ஈரச் சாக்கு மாதிரி எப்போது வேண்டுமானாலும் வழுக்கும் என்று சொல்வார்.

இது எல்லாம் மாறிப்போனது ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை. முதலில் தோட்டத்தில் கான் வெட்டுவதை விட்டார்கள். கேட்டால் "ஆள் இல்லை" என்றார் தொரை. கொழுந்து நிறுக்க ஆள் இருந்தது, பங்களாவில் புல் வெட்ட ஆள் இருந்தது. கான் வெட்ட மட்டும் ஆள் இல்லை! கான் தூர்ந்தது. தேயிலைக்குள் ஓடவேண்டிய தண்ணீர் எல்லாம் ரோட்டில் வந்து விழுந்தது. பைனஸ் முடக்கு என்று நாங்கள் சொல்கிற ஒரு வளைவில், மழைக்கு மழை மேலேயிருந்து மண் சரிந்தது.

அடுத்ததாக, மண் அள்ளுகிற வேலையை வெளி ஆளுக்குக் கொந்தராத்தாக விட்டார்கள். கொந்தராத்துக்காரன் மண் வாருகிற பெக்கோ மெசினைக் கொண்டுவந்தான். குவாரிக்கு யார் போவது? மெசினைத் திருப்பி ஒரே தள்ளு, எல்லாம் பள்ளத்தில். நான் குறுக்கே போய் நின்றேன். அவன் மெசினைக்கூட நிறுத்தாமல் போனை எடுத்து யாருக்கோ பேசினான். எனக்கும் மேலே, சேருக்கும் மேலே இருக்கிற இடத்திலிருந்து உத்தரவு வந்தது: 'ரோட்டைத் திற, மற்றதை அப்புறம் பார்.' இந்த 'அப்புறம்' என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். சேருக்குப் பார்க்கவேண்டிய ரோடு எத்தனையோ. அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத் தள்ளினார்கள். வருசா வருசம் தள்ளினார்கள். பைனஸ் முடக்குக்குக் கீழே, அந்தச் செங்குத்தான இடத்தில், கொட்டின மண்ணெல்லாம் சேர்ந்து நல்ல அகலமான ஒரு மேடை மாதிரி ஆகிவிட்டது.

இப்போது கேளுங்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்கு மண் கிடையாது. வரிசைவீட்டு லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுக்கிற காம்பரா தோட்டத்துடையது. வாசல் தோட்டத்துடையது. செத்தால் புதைக்கிற இடமும் தோட்டத்துடையது. அப்படி இருக்கிற சனத்தின் கண்ணுக்கு முன்னால், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு சமதரை முளைத்தால் என்ன செய்வார்கள்? அது ரோட்டுக்காரன் மண் என்றது தோட்டம். தோட்டத்து எல்லை என்றது எங்கள் ரோட்டு இலாகாக் கந்தோர். இரண்டு பேரும் கைகழுவிய அந்த மண்ணில்தான் என் தங்கச்சி சரோஜா வீடு கட்டினாள்.

அவள் குடும்பம் கீழ் லயத்தில் ஒரே காம்பராவில் இருந்தது. அவளும், புருஷன் ராமையாவும், கல்யாணம் கட்டின இரண்டு மகன்மாரும், மருமகள்களும். நடுவில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுப்பார்கள். ராமையா முதலில் அந்த மேடையில் பாத்தி கட்டி லீக்ஸ் நட்டார். பிறகு போஞ்சி போட்டார். பிறகு சீமெந்துக் கல் அடுக்கினார். நான் ஓடினேன்.

"மச்சான், இது கொட்டின மண்ணு. ஒரு மழைக்கு நிக்கும், ரெண்டு மழைக்கு நிக்கும். ஒரு நாளைக்கு மொத்தமாப் போயிரும். வேணாம்."

ராமையா அடுத்த கல்லை எடுத்து வைத்தார். சரோஜாதான் பதில் சொன்னாள்.

"அண்ணே, நீங்க கவுமெந்து வேலக்காரரு. ஒங்களுக்கு டவுன்ல வீடு இருக்கு. நான் மருமக ரெண்டு பேத்தையும் எங்க படுக்க வைக்கிறது? நீங்க சொல்லுங்க, நான் அங்க போறேன்."

"தொரைகிட்ட எடம் கேளு, புள்ள."

"கேக்கலன்னு நெனைக்கிறீங்களா? தேயில இருக்கிற எடத்தக் குடுக்க முடியாதுங்கிறாரு. தேயில இல்லாத எடம் எதுண்ணே?"

வீடு எழும்பியது. எலெக்‌ஷன் வந்தது, ஓட்டுக் கேட்டு வந்தவர் கூரைத் தகரம் கொடுத்தார். பால் பொங்கவைத்தபோது அவரே வந்து முன்னால் நின்றார். அப்புறம் கரண்டும் கொடுத்தார்கள். மீட்டர் சரோஜா பேருக்கு வந்தது. மாசாமாசம் வருகிற பில்லில் தன் பேரைத் தடவிப் பார்த்துவிட்டு சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். தகரம் கொடுக்க ஆள் இருந்தது, கரண்டு கொடுக்க ஆள் இருந்தது. ஒரு துண்டு நிலம் கொடுக்கத்தான் இந்த நாட்டில் ஒருத்தனும் இல்லை. அவள் காலி பண்ணின காம்பராவைத் தோட்டம் மறுநாளே வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் நான் பைனஸ் முடக்கில் நடந்துவரும்போது, தாரில் ஒரு வெடிப்பைக் கண்டேன். பள்ளத்துப் பக்கமாக, நகத்தால் கீறினதுபோல மெல்லிசாக, வளைந்து இருந்தது. நேராகப் போகிற வெடிப்புக்கு நான் பயப்படமாட்டேன். இது இரண்டு முனையும் பள்ளத்தைப் பார்த்து வளைந்திருந்தது. கீழே இருக்கிற மண் அவ்வளவும் ஒன்றாகக் கிளம்பப் பார்க்கிறது என்று அர்த்தம். சேருக்குப் போன் அடித்தேன். வந்தார். வெடிப்புக்குக் குறுக்கே சீமெந்துச் சாந்தை மெல்லிசாகப் பூசச் சொன்னார். மேலே சாக்கைப் பிடித்து நனையாமல் காத்தோம். சாந்து இறுகின கொஞ்ச நேரத்தில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்தது. சேர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"ரோட்ட மூடு" என்றார்.

மூடினோம். உடனே தொடங்கியது சத்தம். தேயிலை ஏற்றிய லொறி ஒன்று மேலே நின்றது. தோட்டத்துச் சின்னத்தொரை ஜீப்பில் வந்து குதித்தார். "ஒரு லொறிதானே, மெதுவா எடுத்துறலாம்" என்றார். லொறியில் இருந்தது சரக்கு. கீழே இருந்தது என் தங்கச்சி! நான் வாயைத் திறக்கும் முன்னால் பண்டார சேர், தான் அறிந்த தமிழில் அருமையான ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு மட்டும் அதன் அர்த்தம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ரெங்கசாமி, கீழ யார் வீடு?"

"என் தங்கச்சி வீடு, சேர்."

குடையால் பள்ளத்துப் பக்கம் காட்டினார். "அப்ப ஏன்டா இங்க நிக்கிற? போ. ரோட்ட நான் பாக்கிறேன்."

ஓடி இறங்கினேன். மண்மேட்டின் அடியில் கலங்கல் தண்ணீர் ஊற்றெடுத்து வந்துகொண்டிருந்தது. சரோஜா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சாமான் எதையும் கட்டவில்லை. எழும்பு என்றேன். எழும்பவில்லை.

"ஒவ்வொரு மழைக்கும் ஸ்கூல்ல போய்த் தங்கு, ஸ்கூல்ல போய்த் தங்குன்னு வெரட்டுறீங்க. போயிட்டு வந்தா லீக்ஸ் இருக்காது, கதவு இருக்காது. இந்தத் தடவ போனா வீட்டையே ஒடைக்கணும்னு கந்தோர்ல பேசிக்கிறாங்களாம். நான் போகல. வாரது வரட்டும்."

"சரோ, ரோடே வெடிச்சிருச்சு. சேர் வந்து நிக்கிறாரு. சொன்னாக் கேளு."

"காம்பராவும் போச்சு. இதையும் விட்டுட்டு எங்கண்ணே போறது?"

கெஞ்சினேன். கத்தினேன். கெட்ட வார்த்தையால் திட்டினேன். ராமையா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மகன்மார் அம்மா முகத்தைப் பார்க்கிறார்கள். உள்ளே மூத்த மருமகளின் கைக்குழந்தை தொட்டிலில் தூங்கியது. எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. நேரே உள்ளே போனேன், பிள்ளையைத் துணியோடு வாரி நெஞ்சில் அணைத்தேன், யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் மேட்டில் ஏறினேன்.

"ஐயோ, புள்ளையத் தூக்கிட்டுப் போறான்! டேய், நில்லுடா! நீ எனக்கு அண்ணன் இல்லடா, பாவி!"

அன்றைக்குத்தான் சரோஜா என்னை முதல் தடவையாக 'நீ' என்றாள், 'டேய்' என்றாள். நான் திரும்பவில்லை. பிள்ளை வீறிட்டது. தாய்க்காரி ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் மகன்மார், ராமையா, கடைசியில் காலில் செருப்பில்லாமல் சரோஜா. ரோட்டில் ஏறி, வெடிப்பைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்த்தான் நின்றேன். சரோஜா ஓடிவந்து என் முதுகில் இரண்டு கையாலும் குத்தினாள். கீழ் லயத்தில் இருந்தவர்களையும் சேர் ஆளனுப்பி ஏற்கெனவே ஸ்கூலுக்கு ஏற்றியிருந்தார்.

அவள் என்னை அடித்துக்கொண்டிருக்கும்போதே மண் போனது. பெரிய சத்தம் இல்லை. பைனஸ் மரம் ஒன்று நின்றபடியே கீழே நகர்ந்தது. அதோடு ரோட்டில் பாதியும், லீக்ஸ் பாத்தியும், வீடும் நகர்ந்தன. தகரக் கூரை கொஞ்ச தூரம் மிதந்து, மடிந்து, மண்ணுக்குள் போனது. லயத்தின் பின்சுவரில் போய் மண் முட்டி நின்றது. ஒரு உயிரும் போகவில்லை.

சரோஜா அழவில்லை. "என் பேரு இருந்த மீட்டரு போச்சே" என்றாள். அவ்வளவுதான்.

அப்புறம் வந்தார்கள் ஐயாமார். வெள்ளை வெள்ளையாக உடுத்திக்கொண்டு, குடை பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு. தோட்டத்துக் கந்தோரில் கூட்டம் போட்டு, கடும் மழை, இயற்கை அனர்த்தம், யார் மேலும் குற்றமில்லை என்று ஆளுக்காள் பேசினார்கள். பண்டார சேர் எழும்பினார். "இது மழையில் போன மலை இல்லை. நாங்கள் தள்ளின மண். மேலே கான் வெட்டாமல் விட்ட தோட்டம் தண்ணீரைக் கொடுத்தது, நாங்கள் மண்ணைக் கொடுத்தோம்" என்று சிங்களத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் அவரை மலையே இல்லாத ஒரு ஊருக்கு மாற்றினார்கள். போகிற அன்று என்னிடம் வந்து, "ரெங்கசாமி, அங்க எல்லாம் சமதரை. நான் என்னத்தடா பாக்கிறது?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. அடக்கமாட்டாமல் நான்தான் அழுதேன்.

பைனஸ் முடக்கில் கம்பிவலைக்குள் கல் அடுக்கி, அடிவாரத்திலிருந்து படிப்படியாகச் சுவர் எழுப்பினார்கள். நல்ல சுவர். நான்தான் நின்று வேலை வாங்கினேன். ஒரு குறை சொல்லமுடியாது. ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். ரோடு பிழைத்துக்கொண்டது. சரோஜா குடும்பத்துக்கு மட்டும், காணி உறுதிப் பத்திரம் இல்லாத இடத்தில் கட்டிய வீடு என்பதால், நட்டஈடு இல்லை என்றார்கள். பழைய பெக்டரியில் ஒரு ஸ்டோரைத் தகரத்தால் தடுத்து, தற்காலிகமாக இருங்கள் என்று விட்டார்கள். நான் தூக்கிக்கொண்டு ஓடின பிள்ளை இப்போது ஸ்கூலுக்குப் போகிறது. இன்னும் தற்காலிகமாகத்தான் இருக்கிறார்கள்.

ஹட்டன் வகுப்பிலிருந்து கோபித்துக்கொண்டு வந்த அடுத்த கிழமை, மேல்தோட்டத்தில் ஒரு சாவுக்குப் போகவேண்டியிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். பைனஸ் முடக்கைத் தாண்டி மூன்றாவது வளைவில், இந்த வருச மழைக்கு விழுந்த மண்ணை மறுபடியும் பள்ளத்தில் தள்ளியிருந்தார்கள். ஈரம் காயாத புது மண். அதன்மேல் சனம் நின்றது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

சரோஜா நின்றாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மம்பட்டியால் மண்ணை நிரவிக்கொண்டிருந்தாள். சின்ன மகன் கல் பொறுக்கினான்.

"ஏ புள்ள! ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? பட்டது போதாதா?" என்று ரோட்டிலிருந்தே கத்தினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் எல்லாம் இல்லை.

"புத்தி இருக்கிறதுனாலதான்ணே மழ விட்டதும் வந்தேன். நாளைக்கு வந்தா வேற யாராச்சும் புடிச்சிருவாங்க."

"இதுவும் ஒரு நாளைக்குப் போகும்டி!"

"போகும்னு எனக்குத் தெரியாதா? ஒங்கள விட எனக்கு நல்லாத் தெரியும். சரிண்ணே, ஒரு எடம் காட்டுங்க. இந்தா, மம்பட்டியக் கீழ போட்டுட்டு இப்பவே வாறேன். எங்க போறது? கையக் காட்டுங்க."

சுற்றிலும் பார்த்தேன். ரோட்டுக்கு மேலே தேயிலை, கீழே தேயிலை, எதிர்மலையில் தேயிலை, அதற்குப் பின்னால் தெரிந்த மலையிலும் தேயிலை. அவள் மம்பட்டிப் பிடியில் கையை ஊன்றி, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னால் கையைத் தூக்க முடியவில்லை.